பத்து இராகங்களும் ஒரே தாளமும்: மறக்கப்பட்ட இசைத்தட்டு ஒன்றின் திறனாய்வு

காலத்தால் முற்பட்ட படைப்பு வேறு. பின்வந்தோர்க்கு வழிகாட்டிய படைப்பு வேறு. முன்னது ஆண்டுக் கணக்கால் துணியப்படுவது. பின்னதோ, ஒருவர் செய்ததை மற்றொருவர் கண்டோ கேட்டோ ஏற்றார் என்னும் சான்றால் துணியப்படுவது. இவ்விரண்டையும் 'முன்னோடி' என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடும் வழக்கம் நம் இலக்கிய வரலாற்று நூல்களிற் பெருகியுள்ளது. மேனாட்டில் தோன்றிய ஒரு கருத்து, அதற்கு முன்னரே நம்மவரால் சொல்லப்பட்டதெனக் காட்டிவிட்டால் ஆய்வு முடிந்தது எனக் கருதுவாரும் உளர். அங்ஙனம் காட்டப்பட்ட நூல் தன்னளவில் யாது சொல்கின்றது என்னும் வினா அப்போது எழாமலே போய்விடுகின்றது. ஒரு நூலின் புகழே அந்நூலைப் படிக்கவொட்டாது தடுக்கும் நிலை இது. இந்நிலையை ஏட்டிலக்கியத்தைக் கொண்டன்றி, ஒரே ஓர் இசைத்தட்டினைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்விசைத்தட்டு, 1982-ஆம் ஆண்டில் இந்திய கிராமபோன் கம்பெனியார் எச்.எம்.வி. முத்திரையுடன் வெளியிட்டது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் 'சிந்தசைசர் இசை: டிஸ்கோ தாளத்திற்குப் பத்து இராகங்கள்' எனக் கூறலாம். இயற்றியவர் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் நெடுங்காலம் கருவியிசைத்த சரண்ஜித் சிங். சங்கர்-ஜெய்கிஷன், லட்சுமிகாந்த்-பியாரேலால், ஆர். டி. பர்மன் முதலிய இசையமைப்பாளர்தம் குழுக்களில் அவர் பணியாற்றினார். திரைப்பாடல்களைக் கருவியில் மட்டும் இசைத்துத் தனித் தட்டுகளும் வெளியிட்டார். 2015-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மும்பையில் மறைந்தார். அவர்தம் வாழ்க்கை வரலாறு ஈண்டு நமக்கு வேண்டியதன்று, தட்டே வேண்டியது.

தமிழ்த்துறை ஆய்விதழில் இத்தகைய தட்டுக்கு இடமுண்டோ என ஐயுறுவார்க்கு ஒரு சொல். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். பறையையும் யாழையும் கருப்பொருளுள் வைத்தார். இன்ன பொழுதிற்கு இன்ன இசை என்னும் எண்ணம் அவ்வமைப்பினுள்ளேயே அடங்கியுள்ளது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுத்த மரபும் அதன்பாற்பட்டதே. பொழுதுக்கும் இசைக்கும் உள்ள இவ்வுறவே யாம் எடுத்துக்கொண்ட தட்டின் உயிர்நிலை என்பதைப் பின்னர்க் காட்டுவோம். ஆகலின் இப்பொருள் நம் மாணவர்க்கு அயலானதன்று.

முதற்கண் கருவிகளைப் பற்றி அறிதல் வேண்டும். சரண்ஜித் சிங் பயன்படுத்தியவை மூன்று. மூன்றும் ஜப்பான் நாட்டு ரோலண்ட் நிறுவனத்தார் செய்தவை. ஒன்று 'ஜூபிடர்-8' என்னும் சிந்தசைசர், 1981-இல் வெளிவந்தது, ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்கவல்லது. மற்றொன்று 'டி.ஆர்.-808' என்னும் தாள இயந்திரம், 1980-இல் வந்தது. மூன்றாவது 'டி.பி.-303'. பேஸ் கிதார் வாசிப்பவர் இல்லாத இடத்தில் அவருக்கு ஈடாக நின்று கீழ்நிலைச் சுரங்களை வாசிக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட சிறு பெட்டி அது. ஒரு நேரத்தில் ஒரு சுரமே அதனுள் ஒலிக்கும். பதினாறு இடங்கள் கொண்ட ஒரு வரிசையில் சுரங்களை முன்னரே குறித்துவைத்தால், அவ்வரிசையை நிறுத்தும் வரை அது திரும்பத் திரும்ப இசைக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லுமாறு செய்யவும், ஒரு சுரத்தை அழுத்தி ஒலிக்கச் செய்யவும் அதில் வழியுண்டு. ஒலியின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ்கள் உண்டு. கிதாருக்கு ஈடாக இக்கருவி நில்லாமையால் வணிகத்தில் தோற்றது. 1984-இல் அதனைச் செய்வதை நிறுவனத்தார் கைவிட்டனர்.

தோற்ற இக்கருவியே பின்னர் உலகப் புகழ் எய்தியது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 'பியூச்சர்' என்னும் பெயருடைய இளைஞர் குழுவினர், 303-இன் சுரவரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களை இடைவிடாது திருகி, ஒலியை உருக்கியும் கிழித்தும் கூர்மையாக்கியும் ஒரு நெடிய ஆடலிசையை உண்டாக்கினர். 1987-இல் வெளிவந்த அவ்விசைத்தட்டிலிருந்தே 'ஆசிட் ஹவுஸ்' என்னும் வகை பெயர்பெற்றது. அவ்வகையின் ஒலி பின்னர் ஐரோப்பாவிற்குப் பரவி, டிரான்ஸ் என்னும் இசைவகையின் கூறாயிற்று. கோவாக் கடற்கரையின் இரவுக் கூத்துகளோடு கலந்து 1990-களில் கோவா டிரான்ஸ், சைகடெலிக் டிரான்ஸ் என்னும் பெயர்களைப் பெற்றது. கேட்போரை ஒரே தாளத்தின் இடையறாத ஓட்டத்தால் தம்மை மறக்கச் செய்வது அவ்விசையின் குறிக்கோள். 303-இன் நெளியும் ஒலி அதன் முகவரி எனலாம்.

இனி 1982-இன் பம்பாய்க்கு மீள்வோம். 'குர்பானி' திரைப்படத்தில் (1980) நாசியா ஹசன் பாடிய பாடலும், அதனையடுத்து அவர் 1981-இல் வெளியிட்ட 'டிஸ்கோ தீவானே' தட்டும், 1982-இல் பப்பி லஹரி இசையமைத்த 'டிஸ்கோ டான்ஸர்' படமும் டிஸ்கோ தாளத்தை இந்திய நகரங்களில் எங்கும் பரப்பியிருந்தன. திரையில் டிஸ்கோ மலிந்திருந்தமையால், அத்தாளத்தையே கொண்டு வேறொன்று செய்து பார்க்கலாம் எனத் தாம் கருதியதாகவும், தபலாவை நீக்கி இராகங்களுக்கு டிஸ்கோ தாளத்தைக் கொடுத்ததாகவும் சரண்ஜித் சிங் பிற்கால நேர்காணலில் கூறியுள்ளார். இக்கூற்றில் 'புதுவகை இசை' என்னும் எண்ணமே இல்லாமை கருதற்பாலது. தபலாவின் இடத்தில் இயந்திரத்தை வைத்தார், அவ்வளவே. இராகம் முதன்மை, தாளம் துணை. அவர்தம் நோக்கம் இதுவாயின், நாம் அத்தட்டை அளக்க வேண்டிய கோலும் இதுவேயாகும்.

அத்தட்டு விலைபோகவில்லை. காரணம் கண்டறிவது அரிதன்று. சாத்திரிய இசையை விரும்புவார் அதன் அட்டையில் 'டிஸ்கோ' என்னும் சொல்லைக் கண்டே ஒதுங்கியிருப்பர். டிஸ்கோவை விரும்புவார் அதிற் பாட்டும் பாடகரும் இல்லாமையால் ஏமாந்திருப்பர். திரையிசையே இசையென இருந்த வணிகத்தில், திரைப்படமொன்றோடும் தொடர்பற்ற தட்டுக்கு விளம்பரமும் இல்லை. இருபது ஆண்டுகள் அது பழைய தட்டுக் கடைகளில் கிடந்தது. 2002-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுத் தட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமன் அதனைக் கண்டெடுத்தார். 2010-இல் தமது 'பாம்பே கனெக்‌ஷன்' வெளியீடாக மறுபதிப்புச் செய்தார்.

அதன்பின் எழுந்ததே யாம் முதலிற் கூறிய சிக்கல். சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் தட்டுக்கு ஐந்தாண்டு முன்னரே, அதே கருவியால், அதே போன்ற நெளியும் ஒலியோடு பம்பாயில் ஒருவர் இசைத்திருந்தார் என்னும் செய்தி பரவிற்று. இது பிற்காலத்தார் எவரோ செய்த போலியென ஐயுற்றாரும் உளர். போலியன்று எனத் தெளிந்தபின், 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்' என்னும் முழக்கம் தொடங்கிற்று. நம் நாட்டு நாளிதழ்களும் அதனை மகிழ்ந்து ஏற்றன. மறுபதிப்புக்குப் பின் சரண்ஜித் சிங் முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் இசைக்கும் வாய்ப்புப் பெற்றார். அவர் பெற்ற சிறப்பை யாம் குறைகூறவில்லை. அச்சிறப்புக்குக் காட்டப்பட்ட காரணத்தையே மறுக்கின்றோம்.

சிகாகோ இளைஞர் இப்பம்பாய்த் தட்டைக் கேட்டனர் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. ஒரே கருவி இரு நாடுகளில் இருவர் கைக்கு எட்டியது; இருவரும் அதனைச் செய்தவர் கருதாத வழியில் ஆண்டனர். ஆயினும் அவ்வழிகள் தம்முள் மாறுபட்டவை. சிகாகோவாரின் இசையிற் சுரவரிசை மாறாது நிற்கும். ஒலியின் நிறம் மாறிக்கொண்டே போகும். குமிழைத் திருகும் கையே அங்கு இசைஞன். சரண்ஜித் சிங்கின் தட்டிலோ பாட்டை நடத்துவது ஜூபிடர்-8-இன் மீது ஓடும் விரல்கள். இராகத்தின் ஏற்றமும் இறக்கமும் விரைந்த சுரக்கோவைகளாய் மேலே ஓட, 303 அவ்விராகத்துக்கு உரிய சுரங்களையே கொண்டு கீழே ஆதாரமாய் நிற்கின்றது. அங்கே நிறம் பொருள். இங்கே சுரம் பொருள். ஒலி ஒத்திருத்தலால் இரண்டையும் ஒன்றென்பது, எழுத்து ஒத்திருத்தலால் இரு மொழிகளை ஒன்றென்பது போலும்.

இங்ஙனம் முழக்கத்தை விலக்கிவிட்டால் தட்டின் மதிப்புக் குறையும் என அஞ்ச வேண்டா. மதிப்பு அப்போதுதான் தெரியத் தொடங்குகின்றது.

தட்டில் உள்ள பத்து இராகங்கள் வருமாறு: முதற்பக்கத்தில் பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மறுபக்கத்தில் மேக மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம். கருநாடக இசையறிந்த நம் வாசகர் பொருட்டு, சுரங்களை மட்டும் அளவாகக் கொண்டு சில ஒப்புமை கூறுவோம்: பைரவ் நம் மாயாமாளவகௌளை, பூபாலி மோகனம், வடநாட்டுத் தோடி நம் தோடியன்று, சுபபந்துவராளி, யமன் கல்யாணி, மால்கௌன்ஸ் இந்தோளம், பைராகி ரேவதி. கலாவதி நம் வலஜியேயாம். அது தெற்கிலிருந்தே வடக்கே சென்றதென்ப. லலித்துக்கு மட்டும் நேரான இணை நம்மிடம் இல்லை. இரு மத்திமங்களும் அடுத்தடுத்து வருவதும் பஞ்சமம் அறவே இல்லாமையும் அவ்விராகத்தின் தனித்தன்மை.

இவ்விடத்தில் இத்தட்டின் உண்மையான அரும்பாடு விளங்கும். டிஸ்கோ இசையிற் கீழ்நிலைச் சுரவரிசை பெரும்பாலும் சட்ஜமத்துக்கும் அதன் மேற்சட்ஜமத்துக்கும், சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே துள்ளுவது. அத்துள்ளலே ஆடுவார் காலுக்கு ஊன்றுகோல். லலித்திலும் மால்கௌன்ஸிலும் பஞ்சமம் விலக்கு. தம்பூராவையே அவ்விராகங்களுக்குப் பஞ்சமத்தை நீக்கி மத்திமத்தில் கூட்டுவது வழக்கம். ஆகவே டிஸ்கோ தாளத்தை ஏற்றுக்கொண்டவர், டிஸ்கோவின் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடக்க வேண்டியவராகின்றார். மேல்நாட்டு ஆடலிசையாயின் இவ்விடத்திற் சுரக்கூட்டு மாறும். கேட்போர்க்கு ஓர் இடமாற்ற உணர்ச்சி தோன்றும். இராகத்துக்கு அஃதும் ஆகாது. சட்ஜமம் அசையாது நிற்க, தாளம் மாறாது ஓட, சுரங்களின் தொகை குறுகி நிற்க, எஞ்சியுள்ள உரிமை ஒன்றே: அச்சுரங்களைக் கோக்கும் முறை. அந்தாதித் தொடையில் ஒரு பாட்டின் ஈறு அடுத்ததன் முதலாகி நின்று புலவனைக் கட்டுவது போன்ற கட்டு இது. கட்டினுள் நின்று பெற்ற விரிவே லலித்தைத் தட்டின் தலைசிறந்த பகுதியாக்குகின்றது என்பது எம் துணிபு. இரு மத்திமங்களின் நெருக்கமும் 303-இன் வழுக்கலும் ஒன்றையொன்று தேடிக் கொண்டனவோ எனத் தோன்றும்.

வழுக்கலைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு அறுபடாது செல்லும் 'மீண்ட்' வடநாட்டிசையின் உயிர். நம் இசையிற் கமகம் என்னும் பெரும்பிரிவுள் அதன் இனங்கள் அடங்கும். 303-இலும் வழுக்கல் உண்டு. ஆயினும் அதன் காலம் ஒன்றே. சுரங்களுக்கு இடையே உள்ள தொலைவு சிறிதாயினும் பெரிதாயினும் இயந்திரம் அதே நேரத்தில் கடந்துவிடும். வீணையாளன் எங்கே தயங்குவது, எங்கே விரைவது என்பதைத் தன் விரலால் முடிவு செய்வான். பெட்டிக்குத் தயக்கம் என்பது இல்லை. பைரவ் இராகத்தில் ரிஷபமும் தைவதமும் மெல்ல அசைந்து நிற்க வேண்டும். அவ்வசைவு இல்லையேல் அது பைரவ் ஆகாது, வெறும் சுர அட்டவணையாகும். ஜூபிடர்-8-இல் சுரத்தை வளைக்க ஒரு நெம்புகோல் உண்டு. அதனால் ஒருவாறு அசைவு பெறலாம். ஆனால் விரைந்த தாளம் நின்று அசைய இடங்கொடுப்பதில்லை. தோடியின் நிலை இன்னும் கடினம். அதன் ரிஷபமும் காந்தாரமும் மேனாட்டு விசைப்பலகையிற் காணப்படும் இடத்தினும் சிறிது தாழ்ந்து ஒலிக்க வேண்டும் என்பது பாடகர் மரபு. பலகையில் அவ்விடம் இல்லை. ஆர்மோனியத்தை எதிர்த்து 1940-ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுக் காலம் அனைத்திந்திய வானொலி அதனை விலக்கி வைத்திருந்தது. அன்று கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று இப்பலகைக் குற்றமே. அக்குற்றம் இத்தட்டில் மின்சார வடிவில் மீண்டும் வருகின்றது என்று கூறுவோமாயின் அது மிகையாகாது.

மால்கௌன்ஸ் தோல்வியே. நள்ளிரவுக்குரிய அவ்விராகம் தாழ்நிலைச் சுரங்களில் நின்று நிதானமாய் விரிய வேண்டியது. அதன் கம்பீரத்தை இத்தாளம் துரத்திவிடுகின்றது. கலாவதியோ, இயல்பிலேயே மெல்லியதும் கருவியிசைக்கு ஏற்றதும் ஆதலால், இத்தாளத்தோடு முரணாமல் ஓடுகின்றது. பூபாலியும் அவ்வாறே. ஐந்து சுர இராகங்கள் இத்தட்டில் எளிதில் வெற்றிபெறுவதும், கனத்த இராகங்கள் இடர்ப்படுவதும் பொதுவான நிலை. லலித் ஒன்றே இவ்விதிக்குப் புறனடை.

எல்லாவற்றினும் மேலாக ஆராயத்தக்கது இராகங்களின் வைப்புமுறை. இத்தட்டைப் பற்றி யாம் படித்த கட்டுரைகளில் இது பேசப்படவில்லை. அவை தாளத்தையும் கருவியையும் பேசுகின்றன. பத்து இராகங்களைப் பத்தெனவே எண்ணிவிட்டுச் செல்கின்றன. ஒரு தொகைநூலின் பாடல் அடைவைக் காணாது பாடல்களை மட்டும் காண்பதற்கு இஃது ஒக்கும். பைரவ் விடியற்பொழுதுக்கு உரியது. லலித் வைகறைக்கு உரியது. தோடி முற்பகல். மதுவந்தி பிற்பகல் சாயும் வேளை. யமன் முன்னிரவு. கலாவதி இரவு. மால்கௌன்ஸ் நள்ளிரவு கடந்த யாமம். பைராகி மீண்டும் விடியல். வைகறையில் தொடங்கி மறுநாள் வைகறையில் முடியும் ஒரு நாள் முழுவதும் இத்தட்டில் அடைவுபெற்றுள்ளது.

தடை இரண்டு எழும். பைரவுக்கு முன் லலித் வருதல் முறை. இங்கே பின் வருகின்றது. இஃது ஒரு சிறு பிறழ்ச்சி. இரண்டும் ஒரே வைகறையை ஒட்டியவை. பூபாலி பெருந்தடை. அது முன்னிரவுக்குரியது, ஆயின் காலை இராகங்களுக்கு நடுவே மூன்றாவதாய் நிற்கின்றது. பூபாலிக்குரிய அதே ஐந்து சுரங்களைக் கொண்டு தேஷ்கார் என்னும் வேறோர் இராகம் உண்டு, அது காலைக்குரியது. பூபாலியிற் காந்தாரம் தலைமை பெறும். தேஷ்காரில் தைவதம் தலைமை பெறும். சுரத்தொகுதி மட்டுமே எஞ்சும் விரைந்த நடையில் இவ்விரண்டையும் பிரிக்கும் நுட்பங்கள் மங்குதல் இயல்பு. பெயர் பூபாலியாயினும் இடம் தேஷ்காரின் இடம். ஆசிரியர் இதனை எண்ணியே வைத்தார் எனத் துணிதற்குச் சான்றில்லை. வைப்புமுறை தற்செயல் எனத் தள்ளுதற்கும் எஞ்சிய எட்டு இராகங்களின் ஒழுங்கு இடங்கொடுக்கவில்லை. மேக மல்ஹார் நாட்பொழுதைச் சாராது கார்ப்பருவத்தைச் சார்ந்தது. அதனைச் சிறுபொழுதுகளுக்கு நடுவே, தட்டின் மறுபக்கத் தொடக்கத்தில், பகலுக்கும் இரவுக்கும் இடையே வைத்திருப்பதை நோக்குக. பிற்பகல் மதுவந்தியோடு முதற்பக்கம் முடிகின்றது. கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்புகின்றார். மழை பெய்கின்றது. அதன்பின் யமனோடு இரவு தொடங்குகின்றது. பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் ஒருங்கே முதற்பொருளாகக் கண்ட நம் மாணவர்க்கு இவ்வமைப்பின் அழகை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்திற் கோவாவோடு ஓர் ஒப்பீடு பயன் தரும். 1960-களின் இறுதியிலிருந்து அஞ்சுனா முதலிய கடற்கரைகளில் வந்து தங்கிய மேனாட்டு இளைஞர் முதலில் ராக் இசைக்கு ஆடினர். 1980-களின் நடுவில் மின்னிசை ஒலிநாடாக்களுக்கு ஆடத் தொடங்கினர். அமெரிக்காவிலிருந்து வந்து கோவாவிற் குடியேறிய கில் என்பார் - 'கோவா கில்' என்றே உலகம் அறியும். 2023-இல் மறைந்தார் - ஓர் இரவும் மறுநாட் பகலும் தொடர்ந்து இசைநாடாக்களை இயக்குவதிற் பெயர்பெற்றவர். 1990-களில் இலண்டன் வெளியீட்டாளர் அவ்விசையைத் தட்டாக்கினர். சைமன் பாஸ்ஃபோர்டு 'ஹாலுசினோஜென்' என்னும் பெயரில் 1995-இல் வெளியிட்ட 'ட்விஸ்டட்' அவ்வகையின் நன்கறியப்பட்ட தட்டுகளுள் ஒன்று. பம்பாயும் கோவாவும் ஒரே மேலைக் கடற்கரையின. 303 இரண்டிலும் உண்டு. எனினும் ஒன்று மற்றொன்றை அறிந்ததாகச் சான்றில்லை. கோவா இசையிற் கீழைநாட்டுச் சுரத்தொடர்கள் மிக வரும். அவை பெரும்பாலும் வண்ணமாக வருவன. இராக இலக்கணமாக வருவன அல்ல. சரண்ஜித் சிங் மேனாட்டுத் தாளத்தை இராகத்துக்கு ஏவலாக்கினார்; கோவாவார் இராகச் சாயலைத் தாளத்துக்கு அணியாக்கினர். இதுவரை ஒப்பீடு பம்பாய்க்கே சார்பாய் முடிகின்றது.

பொழுதை நோக்கின் நிலைமை மாறிவிடுகின்றது. கோவாவின் கூத்துகளில் நள்ளிரவுக்குரிய இசை வேறு, விடியலுக்குரிய இசை வேறு. இருட்டில் இறுகிய, அச்சம் கலந்த ஒலிகளை ஓட்டி, கதிரெழும்போது தெளிந்த, மலர்ந்த சுரத்தொடர்களுக்கு மாறுவது அங்கு இசையை இயக்குவார்தம் கலை. இராகப் பெயர் ஒன்றையும் கற்றறியாதவர், இராகத்துக்கும் பொழுதுக்கும் உள்ள உறவைச் செயலிற் காத்தனர். இராகம் அறிந்த சரண்ஜித் சிங்கின் தட்டோ அவ்வுறவைக் காட்டுகின்றதேயன்றிக் காக்கவில்லை, காக்கவும் இயலாது. ஐம்பது நிமிடத்தில் ஒரு நாளைச் சுருட்டிய தட்டை எவரும் எப்பொழுதும் ஓட்டலாம். நண்பகலில் மால்கௌன்ஸ் ஒலிக்கும். ஒரு நாளைக் குறிப்பது வேறு. ஒரு நாளை வாழ்வது வேறு. அரங்கேறும் கூத்துக்கும் அச்சேறிய நாடகத்துக்கும் உள்ள வேறுபாடே இது. இத்தட்டின் குறை என யாம் கருதுவது அதன் இயந்திரத் தாளமன்று. அதனைப் பலர் குறை கூறுவர். ஐந்து நிமிட அளவே குறை. நாளின் எட்டு யாமங்களையும் வாய்விட்டுப் பெயர் சொல்லிவிட்டு, எந்த யாமத்திலும் நிற்காமற் செல்கின்றது.

பொழுதுரிமை இசையை விட்டுப் போவது இத்தட்டோடு நின்ற செய்தியும் அன்று. 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒலிமாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி இயக்குவதைத் தடுத்தன. கோவாவின் இரவுக் கூத்துகளுக்கும், விடிய விடிய நிகழ்ந்த வடநாட்டுச் சாத்திரிய இசைவிழாக்களுக்கும் அவ்விதி ஒருங்கே தடையாயிற்று. மால்கௌன்ஸையும் லலித்தையும் அவற்றுக்குரிய பொழுதில் திறந்தவெளியிற் கேட்கும் வாய்ப்புக் குறைந்தது. இன்று பலர் அவ்விராகங்களைக் கேட்பது ஒலிப்பதிவுகளில், தமக்கு வாய்த்த நேரத்திலேயாம். 1982-இன் தட்டு கைவிட்டதை 2000-இன் சட்டமும் கைவிடச் செய்தது எனலாம். சட்டத்தின் நோக்கம் நன்றே, அதனை யாம் பழிக்கவில்லை.

முதற்பகுதியான பைரவில் ஓர் இயந்திரக் குரல் சிவபிரானது ஐந்தெழுத்து மந்திரத்தை ஒலிக்கின்றது. தட்டு முழுவதிலும் சொல் வருவது இவ்விடத்திலே தான் கருதத்தக்கது. பைரவ் என்னும் பெயர் சிவனோடு தொடர்புடையது என்பதாலும், விடியலில் வழிபாடு தொடங்கும் என்பதாலும் அம்மந்திரம் வந்தது போலும். மேனாட்டு எழுத்தாளர் சிலர் இதனை ஒரு விந்தையாக மட்டும் கண்டனர். சைகடெலிக் இசையிற் பின்னாளில் மலிந்த இந்தியத் தெய்வப் படங்களோடும் மந்திரத் துணுக்குகளோடும் இணைத்துப் பேசினர். அவற்றுள் மந்திரம் அலங்காரம். இங்கே அஃது ஒரு நூலின் கடவுள் வாழ்த்து நிற்கும் இடத்தில் நிற்கின்றது. இயந்திரத்தின் தொண்டையில் வந்தமையால் வாழ்த்து வாழ்த்தன்று என ஆகிவிடாது.

இறுதிப் பகுதியான பைராகி, ரவிசங்கர் தம் சிதாரால் பரப்பிய இராகம். சட்ஜமம், கோமள ரிஷபம், சுத்த மத்திமம், பஞ்சமம், கோமள நிஷாதம் என்னும் ஐந்தே அதன் சுரங்கள். முதல் நான்கும் தொடக்கத்துப் பைரவிலும் உள்ளவை. பைரவின் காந்தாரமும் தைவதமும் நீங்கி, நிஷாதம் தாழ்ந்து, அதே விடியல் இளைத்த உருவில் மீள்கின்றது. முன் வந்த மந்திரம் மீள வரவில்லை. ஒலியைச் சேர்த்துவைத்த கணிப்பொறிகளில் இத்தட்டைக் கேட்பார்க்குப் பக்கம் திருப்பும் இடைவெளி இல்லையாயினும், பைராகி முடிந்தவுடன் பைரவ் தானே மீண்டும் தொடங்குமாறு அமைத்துக் கேட்டல் கூடும். அங்ஙனம் கேட்டால் ரிஷபம் இரண்டு பகுதிகளுக்கும் இடையே அறுபடாமல் நிற்பது புலனாகும்.